நோட்டில் விழுந்த 31 கோடுகள்

கூட்டக் குறிப்பு எழுதுகிறவர் அன்று விடுப்பு. ரெக்கார்டிங்கைக் கேட்டு நானே எழுதிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். மொத்தம் 42 நிமிடம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஆறாவது நிமிடத்தில் எங்கள் குழுவிலேயே இளையவர் பேச ஆரம்பிக்கிறார். “இதுல ஒரு சிக்கல் இருக்கு மேடம், போன தடவை அனுப்பினப்போ…” அவ்வளவுதான். அதற்குமேல் கேட்பது என் குரல். “தெரியும் தெரியும், அதைத்தான் நான் முதல்லயே சொன்னேன். சரி, அடுத்து?” அரை நொடி அமைதி. பிறகு அவர், “சரிங்க மேடம்.”

குறிப்பில் என்ன எழுதுவது என்று கையை வைத்துக்கொண்டு யோசித்தேன். அவர் சொல்ல வந்தது எனக்குத் தெரியவில்லை. ‘தெரியும் தெரியும்’ என்று சொன்னது நான்தான். மறுநாள் கூப்பிட்டுக் கேட்டேன். “பெரிய விஷயம் இல்ல மேடம், விடுங்க” என்றார். விட்டுவிட்டேன். பத்து நாள் கழித்து அந்தப் பெரிய விஷயமில்லாத சிக்கல் வெடித்தது. ஒரு வார வேலையைத் திரும்பச் செய்தோம்.

அன்று மாலை எல்லோரும் போன பிறகு அதே ரெக்கார்டிங்கை மறுபடி போட்டேன். இந்த முறை குறிப்பு எழுத இல்லை. அடுத்தவர் வாக்கியம் முடியும் முன் நான் உள்ளே புகுந்த ஒவ்வொரு இடத்துக்கும் நோட்டில் அவர் பெயருக்கு நேராக ஒரு கோடு. முடித்து எண்ணியபோது 31.

அதைவிடக் குத்தியது வேறொன்று. அந்தக் கூட்டத்தில் என் மேலதிகாரியும் இருந்தார், நிறையப் பேசினார், நிதானமாகவும் பேசுவார். அவர் பெயருக்கு நேராக ஒரு கோடுகூட இல்லை. ‘நான் வேகமாக யோசிப்பவள், அதனால் வாய் முந்திக்கொள்கிறது’ என்று அதுவரை எனக்கு நானே சொல்லிவந்த சமாதானம் அங்கேயே செத்தது. என் வாய்க்கு யாரிடம் முந்தலாம், யாரிடம் கூடாது என்பது நன்றாகவே தெரிந்திருக்கிறது.

அதே மாதம்தான் இன்னொன்றும் நடந்தது. என் தங்கை வேலையை விட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. எனக்கு அது ஒரு உறவினர் வழியாகத் தெரியவந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கோபமே இல்லாமல் சொன்னாள்: “சொல்ல ஆரம்பிச்சேன்க்கா. நீ அறிவுரை ஆரம்பிச்சுட்ட. சரி, அப்புறம் சொல்லலாம்னு விட்டுட்டேன்.” இரண்டு முறை முயன்றாளாம். எனக்கு அந்த இரண்டு முறையும் நினைவிலேயே இல்லை.

‘இனிமேல் யாரையும் குறுக்கே பேசமாட்டேன்’ என்று முடிவெடுத்தேன். காலை ஒன்பது மணிக்கு எடுத்த முடிவு பத்தரைக்கெல்லாம் காலி. அதுகூடப் பரவாயில்லை, உடைத்தது எனக்கே தெரியவில்லை. மதியம் யோசித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது.

சின்ன வயதில் எனக்கு நகம் கடிக்கும் பழக்கம் இருந்தது. வீட்டில் திட்டினார்கள், கையில் அடித்தார்கள், கசப்பாக எதையோ தடவிவிட்டார்கள். எதற்கும் அசையவில்லை. பிற்பாடு, வளர்ந்த பிறகு, ஒரு உளவியல் ஆலோசகர் சொன்ன முறையில் அது நின்றது. கை வாயருகே போகிற அந்தக் கணத்தைக் கண்டுபிடி. கண்டுபிடித்த உடனே முஷ்டியை மூடிக்கொள். சில நிமிடம் அப்படியே இரு. இவ்வளவுதான் முறை. மூடிய முஷ்டியோடு நகம் கடிக்க முடியாது. அமெரிக்க உளவியலாளர்கள் நேதன் அஸ்ரினும் கிரெகரி நன்னும் 1973-இல் வெளியிட்ட முறை இது. பழக்கத்தைத் திருப்பிப் போடும் பயிற்சி என்று தமிழில் சொல்லலாம். முதலில் கவனிப்பது, அப்புறம் அந்தப் பழக்கத்தோடு சேர்ந்து செய்யவே முடியாத வேறொன்றைச் செய்வது, கூட இருப்பவர்களின் துணையைக் கேட்டு வாங்குவது. குறுக்கே பேசுவதும் நகம் கடிப்பது போன்றதுதான் என்றால் இதே மருந்து இதற்கும் வேலை செய்ய வேண்டுமே என்று தோன்றியது. உண்மையில் அந்த எண்ணம்தான் என்னைக் காப்பாற்றியது. அதுவரை இதை என் குணம் என்று நினைத்திருந்தேன். குணத்தை வைத்துக்கொண்டு வெட்கப்படலாம், வேறு ஒன்றும் செய்ய முடியாது. பழக்கம் என்றால் கைவைத்துப் பார்க்கலாம்.

முதல் இரண்டு வாரம் எதையும் மாற்ற முயலவில்லை. கோடு மட்டும் போட்டேன். குறுக்கே பேசிய உடனே நோட்டின் ஓரத்தில் ஒரு கோடு. ஆரம்பத்தில் நடந்து முடிந்த பிறகுதான் தெரிந்தது. நாலைந்து நாளில், பேசிக்கொண்டிருக்கும்போதே தெரிந்தது. பத்து நாள் வாக்கில்தான் அந்த முந்தைய கணம் பிடிபட்டது: மூச்சை ஒரு இழுப்பு இழுக்கிறேன், உடம்பு லேசாக முன்னால் சாய்கிறது, வாய் கொஞ்சம் திறக்கிறது. அது என் ‘கை வாயருகே போகும் கணம்’. உங்களுக்கு வேறாக இருக்கலாம். என்னோடு வேலை செய்யும் ஒருவர் குறுக்கே பேசப்போகும்போது விரலைத் தூக்குவார். இதைக் கவனிக்க ஆரம்பித்த பிறகுதான் அது என் கண்ணில் பட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை. கோடு போட ஆரம்பித்ததும் எண்ணிக்கை கூடும். கூடுவது உங்கள் கவனம்தான். நான் முதல் வாரம் பயந்துபோய் நோட்டையே தூக்கி வைத்துவிடப் பார்த்தேன்.

முஷ்டிக்குப் பதில் என்ன? நாக்கு. நாக்கு நுனியை மேலண்ணத்தில் அழுத்தி வைத்துக்கொண்டு மூக்கு வழியாக மெதுவாக மூச்சை வெளியே விடுவது. முன்னால் சாய்ந்த உடம்பைப் பின்னால் சாய்ப்பது. மூச்சு வெளியே போய்க்கொண்டிருக்கும்போது, நாக்கு மேலே ஒட்டியிருக்கும்போது, ‘தெரியும் தெரியும்’ என்று சொல்ல முடியாது. முயன்று பாருங்கள், ஒருவித முனகல்தான் வரும். எதிரே இருப்பவருக்கு எதுவும் தெரியாது என்பது இதிலுள்ள இன்னொரு வசதி.

இதைச் செய்ய நினைவு வர வேண்டுமே? ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களில் சொன்ன ஒரு எளிய விஷயம் உதவியது. ‘நன்றாகக் கேட்பேன்’ என்பது போன்ற குறிக்கோளைவிட, ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்தால் செய்வது எளிதாகிறது. நான் எழுதி வைத்தது: ‘மூச்சை இழுத்தால், நாக்கு மேலே.’ இரண்டாவது: ‘அவர் நிறுத்தினால், ஒரு முழு மூச்சு விட்ட பிறகே என் முதல் சொல்.’ நோட்டின் முதல் பக்கத்தில் இந்த இரண்டு வரி. மூன்றாவது ஒன்றும் சேர்த்திருந்தேன், என்னவென்று மறந்துவிட்டது. மறக்கக்கூடியதாக இருந்ததால்தான் வேலை செய்யவில்லை போலும்.

துணைக்கு ஒரு ஆளும் வேண்டியிருந்தது. கூட்டத்தில் எனக்குப் பக்கத்தில் உட்காருபவரிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்: நான் யாருடைய பேச்சையாவது வெட்டினால் கையிலுள்ள பேனாவைக் கீழே வையுங்கள், போதும். முதல் கூட்டத்தில் பேனாவை எடுக்க நேரமே இல்லாமல் போயிற்று அவருக்கு.

ஏன் இவ்வளவு கடினம் என்று கொஞ்சம் படித்தும் பார்த்தேன். பத்து மொழிகளில் நடந்த உரையாடல்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2009-இல் வெளிவந்தது (தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை). ஒருவர் முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் இடையிலுள்ள இடைவெளி சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். மொழிக்கு மொழி கொஞ்சம் ஏறி இறங்கினாலும் எங்கும் இதை ஒட்டியே இருந்தது. ஆனால் ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே நமக்கு அரை நொடிக்கு மேல் ஆகிறது. கணக்கைப் பாருங்கள். அவ்வளவு சீக்கிரம் பதில் வர வேண்டுமென்றால் எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே பதிலைச் சமைக்க ஆரம்பித்திருக்க வேண்டும். ஆக, அடுத்தவர் பேசும்போது மனதுக்குள் பதில் தயாராவது என் தனிப்பட்ட பாவம் இல்லை, எல்லோருக்கும் அப்படித்தான். தயாரான பதில் உடனே வாசலைத் தாண்ட வேண்டுமா என்பது மட்டும்தான் என் கையில் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு பாதி குற்றவுணர்வு இறங்கியது. குற்றவுணர்வு இறங்கியதும் கோடுகளும் குறைய ஆரம்பித்தன. இது என் விஷயத்தில் நடந்தது, விதியாகச் சொல்லவில்லை.

எந்த இடத்தில் வெட்டுகிறேன் என்று கோடுகளுக்குப் பக்கத்தில் ஒரு எழுத்துப் போட்டுப் பார்த்தேன். நிறைய இடங்களில் காரணம் பயம்: இப்போது சொல்லாவிட்டால் மறந்துவிடுவேன். இதற்கு மருந்து சுலபம். ஒரே ஒரு சொல்லைத் தாளில் எழுதிக்கொள்வது. வாக்கியமாக எழுதக்கூடாது; எழுதினால் கேட்பது நின்றுவிடும். ஒரு சொல். அவர் முடித்த பிறகு அந்தச் சொல்லைப் பார்த்தால், பாதி நேரம் அதைச் சொல்லவே தேவையிருக்காது. அவரே அங்கு வந்து சேர்ந்திருப்பார்.

இன்னொரு காரணம் கர்வம். எப்படி முடிப்பார் என்று எனக்குத் தெரியும் என்ற நினைப்பு. இதற்கு ஒரு விளையாட்டு வைத்துக்கொண்டேன். யாராவது பேச ஆரம்பித்ததும், இவர் இப்படித்தான் முடிப்பார் என்று மனதில் ஒரு ஊகத்தைக் குறித்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, கடைசிவரை கேட்டுச் சரிபார்ப்பது. ஒரு வாரம் செய்தேன். வென்றதைவிடத் தோற்றதுதான் அதிகம். தலைப்பைச் சரியாக ஊகிப்பேன், போய்ச் சேரும் இடத்தைத் தவறவிடுவேன். ‘சிக்கல் இருக்கு’ என்றால் புகார் என்று எடுத்துக்கொள்வேன். கடைசியில் அது வழி ஒன்றைச் சொல்லும் பேச்சாக இருக்கும்.

‘எல்லோரும் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தால் வேலை நடக்குமா?’ என்று ஒரு நண்பர் கேட்டார். நானும் அதையே நினைத்தவள்தான். இதற்கு மருத்துவர்களை வைத்து நடந்த ஆய்வுகள் நல்ல பதில் சொல்கின்றன. 1984-இல் பெக்மன், ஃப்ராங்கெல் என்ற இருவர் அமெரிக்காவில் 74 நோயாளிச் சந்திப்புகளைப் பதிவு செய்து பார்த்தார்கள். நோயாளி தன் குறையைச் சொல்லத் தொடங்கி சராசரியாக 18 நொடியில் மருத்துவர் வெட்டியிருக்கிறார். நாலில் ஒருவருக்குக்கூட முழுதாகச் சொல்லி முடிக்க வாய்ப்புக் கிடைக்கவில்லை. பிறகு 2002-இல் ஸ்விட்சர்லாந்தில் மறுபக்கத்தை அளந்தார்கள்: வெட்டாமல் விட்டால் எவ்வளவு நேரம் பேசுவார்கள்? சராசரி 92 நொடி. நூற்றுக்கு 78 பேர் இரண்டு நிமிடத்துக்குள் தாங்களாகவே முடித்துவிட்டார்கள். நாம் மிச்சப்படுத்துவதாக நினைக்கும் நேரம் ஒரு நிமிடம், ஒன்றேகால் நிமிடம். அந்த இளைஞர் அன்று பேசியிருந்தால் எத்தனை நொடி ஆகியிருக்கும் என்று பிற்பாடு அவரிடமே கேட்டுப் பார்த்தேன். சொல்லிக் காட்டினார். நாற்பது நொடி. நாங்கள் திரும்பச் செய்தது ஒரு வார வேலை.

மௌனத்தில் ஒரு முழு மூச்சு காத்திருப்பது பற்றி. மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் வகுப்பறைகளில் இதைக் கவனித்திருக்கிறார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறக்குறைய ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடி ஆக்கியதும் மாணவர்களின் பதில் நீண்டது, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மாணவர் பதில் சொல்லி நிறுத்திய பிறகும் அதே மூன்று நொடி காத்தால் பலன் இன்னும் தெரிந்தது. நான் கண்டதும் இதுதான்: முக்கியமான சொல் பெரும்பாலும் முதல் நிறுத்தத்துக்குப் பிறகே வருகிறது. முதலில் சொல்வது ஒத்திகை பார்த்துவந்தது.

ஆனால் மூன்று நொடி எவ்வளவு நீளம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். தொலைபேசியில் செய்தேன். “ஹலோ? லைன்ல இருக்கீங்களா?” என்றார்கள். வீடியோ அழைப்பில் என் முகம் உறைந்துவிட்டது என்று நினைத்து ஒருவர் அழைப்பைத் துண்டித்துத் திரும்பக் கூப்பிட்டார். நம் மொழியில் இதற்கு எப்போதோ கண்டுபிடித்து வைத்த தீர்வு இருக்கிறது: உம் கொட்டுவது. கதை சொல்பவருக்கு எதிரே உட்கார்ந்து ‘ம்’ போடாவிட்டால் கதை நின்றுவிடும் என்பது குழந்தைக்கும் தெரியும். ‘ம்’ இடத்தைப் பிடுங்காது. இருக்கிறேன் என்று மட்டும் சொல்லும். ஆனால் அதிலும் ஒரு கோணல் இருக்கிறது. ‘ம், ம், ம்’ என்று வேகமாகப் போட்டால் ‘சீக்கிரம் முடி’ என்று அர்த்தம். என் பழைய ‘ம்’ எல்லாம் அந்த ஜாதி. இப்போது வாக்கியத்துக்கு ஒன்று, இறங்கு குரலில்.

நடுவில் எல்லை தாண்டியும் போனேன். ஆர்வத்தில் ஒரு மாதம் வீட்டில் யாரையும் வெட்டாமல், எல்லோரும் முடித்த பிறகு ஒரு மூச்சு விட்டு, அளந்து பேசினேன். என் மகள் அவள் அப்பாவிடம் போய், “அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?” என்று கேட்டிருக்கிறாள். தங்கை போனில், “அக்கா, என்மேல கோவமா?” என்றாள். சரிதான். எங்கள் வீட்டில் ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் ஏறிப் பேசுவதுதான் சிரிப்பும் பிரியமும். மொழியியலாளர் டெபோரா டேனன் இந்த வகை மேலேறிப் பேசுதலை வெட்டுவதிலிருந்து பிரித்துக் காட்டியிருக்கிறார்: சில குழுக்களில் அது ஈடுபாட்டின் அடையாளம், அமைதியாக இருப்பதுதான் அங்கே விலகல். அப்படியென்றால் எதை நிறுத்துவது, எதை விடுவது? நான் வைத்துக்கொண்ட சோதனை ஒன்றே ஒன்று: நான் உள்ளே புகுந்த பிறகு அவருடைய வாக்கியம் என்ன ஆயிற்று? என் சத்தத்தின் மேலேயே தொடர்ந்து போயிற்றென்றால் பிழை இல்லை. பாதியில் செத்ததென்றால் நான் வெட்டியிருக்கிறேன். தங்கையோடு கூச்சலும் சிரிப்புமாகப் பேசும்போது கோடு போடுவதை விட்டேன். அவள் குரல் தாழும்போது மட்டும் நாக்கு மேலே.

இன்னொரு பாடமும் அதிலேயே. மாற முயல்கிறோம் என்றால் கூட இருப்பவர்களிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் மாறினால் அவர்கள் அதற்குத் தங்கள் சொந்தக் காரணத்தைக் கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

நன்றாகக் கேட்பதற்குச் சொல்லித்தரும் இன்னொரு வித்தை, அவர் சொன்னதை நம் சொல்லில் திருப்பிச் சொல்வது. ‘அப்படின்னா நீங்க சொல்ல வர்றது…’ என்று ஆரம்பிப்பது. எனக்கு அது ஒட்டவே இல்லை. மூன்றாவது முறை சொன்னபோது எதிரே இருந்தவர் சிரித்துவிட்டார், “ஆமா மேடம், அதைத்தான் இப்ப சொன்னேன்.” வேலை விவரங்களை, தேதிகளை உறுதிப்படுத்த அது சரி. மனக்குறை சொல்பவரிடம் அது கிளிப்பிள்ளைத்தனம் ஆகிவிடுகிறது. அதற்குப் பதில் அவர் சொன்னதிலிருந்தே ஒரு கேள்வி கேட்பது எனக்குக் கைகொடுத்தது. ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஒரு ஆய்விலும் இதைத்தான் பார்த்தார்கள்: அதிகக் கேள்வி கேட்பவர்களை, அதிலும் சொன்னதைத் தொட்டு அடுத்த கேள்வி கேட்பவர்களை, பிறருக்குப் பிடித்துப்போகிறது.

‘எனக்கும் இதே மாதிரிதான் ஒரு தடவை…’ என்று தொடங்கும் வாக்கியம்தான் என்னிடமிருந்து கடைசியாகப் போனது. போனது என்றால், இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆறுதலாகத்தான் சொல்கிறோம். ஆனால் மேடை நம் பக்கம் திரும்பிவிடுகிறது, சொல்ல வந்தவர் பார்வையாளர் ஆகிவிடுகிறார். அந்த ஆசை வரும்போது என் கதைக்குப் பதிலாக “அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேட்பேன். என் கதை எங்கும் ஓடிப்போகாது. அவர் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

சறுக்கல்கள் பற்றிச் சொல்லாவிட்டால் இது பொய்யாகிவிடும். தூக்கம் இல்லாத நாள், கெடு நெருங்கும் வாரம், அடுத்தடுத்து மூன்று கூட்டம் என்றால் மூன்றாவதில் பழைய ஆள் வந்து உட்கார்ந்துவிடுவாள். 21 நாள் செய்தால் பழக்கம் வந்துவிடும் என்று எல்லோரும் சொல்வதை நம்பியிருந்தேன். 21-ஆம் நாள் 14 கோடு போட்டேன். அந்த 21 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் 1960-இல் எழுதியது. அறுவைக்குப் பிறகு புதிய முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்றார். ‘குறைந்தது’ வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. புது முகத்துக்குப் பழகுவதும் புதுப் பழக்கமும் ஒன்றல்ல. லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் பின்தொடர்ந்து, 2010-இல் வெளியிட்ட கணக்கு இன்னும் நம்பும்படி இருக்கிறது: ஒரு செயல் யோசிக்காமல் நடக்கும் நிலைக்கு வர, நடு மதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் 18 நாளிலிருந்து 254 நாள் வரை போகும் என்று கணித்தார்கள். எனக்கு அதில் ஆறுதல் தந்தது வேறு ஒரு வரி: ஒரு நாள் தவறினால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை. அதைப் படித்த பிறகுதான், சறுக்கிய மறுநாள் நோட்டைத் திறக்கப் பயப்படுவதை விட்டேன்.

அலுவலகத்தில் எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. வீட்டில் இரண்டாம் வருடம் ஓடுகிறது. அலுவலகத்தில் உள்ள நாற்காலி, நோட்டு, பக்கத்து ஆளின் பேனா எல்லாம் எனக்கு நினைவூட்டின. வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை. அங்கே ஒவ்வொரு பொருளும் பழைய என்னைத்தான் நினைவூட்டுகிறது.

சறுக்கிய பிறகு என்ன செய்வது என்பதைத்தான் நான் மிகத் தாமதமாகக் கற்றேன். வெறும் ‘சாரி, சொல்லுங்க’ என்பது போதாது. வெட்டப்பட்டவர் பெரும்பாலும் “இல்ல, ஒண்ணுமில்ல” என்பார். அவருடைய கடைசிச் சொல்லை எடுத்து அவர் கையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். “நான் நடுவுல வந்துட்டேன். ‘போன தடவை அனுப்பினப்போ’ன்னு சொல்லிட்டிருந்தீங்க. அனுப்பினப்போ என்ன ஆச்சு?” என்று கேட்டால் ‘ஒண்ணுமில்ல’ வராது. இழை விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடர்கிறது. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: கடைசிச் சொல் நினைவிருக்க வேண்டும். அதாவது வெட்டும்போதுகூடக் காதில் வாங்கியிருக்க வேண்டும். ஆரம்ப நாட்களில் பல முறை திருப்பிக் கொடுக்க முயன்று, கையில் ஒன்றும் இல்லாமல் விழித்தேன். அதைவிட நேர்மையான அளவுகோல் எதையும் இன்றுவரை நான் பார்க்கவில்லை.

இன்னொருவர் வெட்டப்படும்போதும் இது உதவும். கூட்டத்தில் யாரோ ஒருவரின் வாக்கியம் பாதியில் அறுந்தால், “அவர் இன்னும் முடிக்கலைன்னு நினைக்கிறேன்” என்று சொல்லி அந்தக் கடைசிச் சொல்லை எடுத்துக் கொடுங்கள். வெட்டியவருக்கும் வலிக்காது. எனக்கு அப்படி ஒருவர் முன்பே செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் எனக்கு அதைச் சொல்லும் தைரியம் யாருக்கு இருந்திருக்கும்?

போன மாதம் அனுமதி கேட்டு ஒரு கூட்டத்தை மறுபடி பதிவு செய்தேன். ஏறக்குறைய அதே நீளம், பெரும்பாலும் அதே ஆட்கள். 6 கோடு. கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, பக்கத்தில் பெயர்களைப் பார்க்கும்வரை. ஆறில் நாலு, அதே இளைஞர்.

அவரிடமே நோட்டைக் காட்டினேன். சிரித்தார். “நான் நடுவுல நடுவுல நிறுத்துவேன் மேடம். நீங்க நான் முடிச்சுட்டேன்னு நினைச்சுக்கறீங்க.” சரி, எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். நான் நாக்கை மேலே வைத்துக்கொண்டு காத்திருந்தேன். “ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? நீங்க இப்பல்லாம் என்னையே உத்துப் பாத்துட்டுக் காத்திருக்கீங்க. அது எனக்கு இன்னும் அவசரமாயிடுது. முன்னாடி குறிப்பு எழுதறப்போ குனிஞ்சிருப்பீங்க இல்லையா, அப்பதான் எனக்கு நல்லா பேச வரும்.”

கண்ணைப் பார்த்துக் கேள் என்று எல்லோரும் சொல்லிக்கொடுத்ததைக் கர்மசிரத்தையாகச் செய்துகொண்டிருந்தேன். இப்போது அவர் பேசும்போது குனிந்து எழுதுகிறேன். நிறுத்துகிறார், நான் எழுதி முடிக்கிறேன், அதற்குள் அவரே அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுகிறார்.